முதுகில் அச்சடித்த எண்

டெல்வா போனைப் பற்றி எவனாவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் செனானுவுக்கு ரத்தம் கொதிக்கும். பெற்ற தாயைச் சொன்னால்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கோபப்படுவான். டெல்வா என்றால் யோசனையே கிடையாது. இத்தனைக்கும் அந்தக் கம்பெனிக்காரன் இவனுக்கு ஒரு சார்ஜர் வயர்கூட இனாமாகக் கொடுத்ததில்லை. அக்ராவின் கொக்கோம்லெம்லே பகுதியில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து சாவுச் சுவரொட்டி வடிவமைப்பது அவன் வேலை. எண்பது வயதில் போனவருக்கு வெள்ளைப் பின்னணி, அற்பாயுசில் போனவனுக்குச் சிவப்பு. செத்தவர் வீட்டுக்காரர்கள் வந்து, "மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்குங்க" என்று கேட்டால் மறுபேச்சு இல்லாமல் சின்னதாக்கிக் கொடுப்பான். அச்சகத்தில் அவன் பரம சாது. 'சார்ஜ் இருக்கா?' என்ற இணையதளத்துக்குள் நுழைந்துவிட்டால் ஆளே வேறு.

அக்ராவில் போன் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தளத்தில்தான் கிடந்தார்கள். எந்த போன் வாங்கலாம், எது சூடாகும், எந்தக் கடைக்காரன் ஏமாற்றுக்காரன் என்று நாலு பேர் நல்லபடியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்த இடம். போகப் போக டெல்வா கட்சி, அதன் போட்டி போனான கிம்பாவின் கட்சி என்று இரண்டாகப் பிளந்து, ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும் இடமாகிவிட்டது. அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒருவன் எழுதியதற்கு ஐந்நூறு கட்டைவிரல் உயர்ந்துவிட்டால் அதற்குப் பச்சைக் கட்டம் போட்டு உச்சியில் ஒட்டிவிடுவார்கள். அதற்கு மேல் அதைக் கேள்வி கேட்டவனைத் தளத்தை விட்டே தூக்கிவிடுவார்கள். பச்சைக் கட்டத்தில் பதினொரு முறை ஏறியவன் செனானு. அவன் அசல் பேரும் முகமும் அங்கே யாருக்கும் தெரியாது. 'வோல்ட் வாத்தியார்' என்றால் தெரியாதவன் கிடையாது.

வாத்தியாருக்கு ஒரே ஒரு தலைவலி இருந்தது. 'ஈயக்காரன்' என்ற பேரில் எழுதிய ஒரு ரிப்பேர்காரன்.

"டெல்வா நல்ல போன்தான் அண்ணன்மாரே. ஆனா ஒரு வருஷத்துல போர்டு செத்துப்போகுது. நான் மட்டுமே அறுபது போர்டு மாத்தியிருக்கேன்" என்று அவன் எழுதுவான். திட்டினால் திருப்பித் திட்டமாட்டான். மறுநாள் அதையே இன்னும் மரியாதையாக எழுதுவான். செனானுவுக்கு அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் ஈயக்காரன் சொன்னது சத்தியம் என்று செனானுவுக்குத் தெரியும். அவனுடைய சொந்த டெல்வாவே நாலு மாதத்துக்கு முன்பு செத்துப்போயிருந்தது. யார் கண்ணிலும் படாமல் அதைச் சர்க்கிள் சந்தைக்கு எடுத்துப்போய், நீலக் குடைக்குக் கீழே மேசை போட்டு, போன் ரிப்பேர் செய்து பழைய போனும் விற்கிற அயிக்வே என்கிற ஆளிடம் போர்டு மாற்றிக்கொண்டான். அயிக்வே நிதானமான மனிதன். வலது கையில் இடுக்கி இருந்ததால் மீதிச் சில்லறையை இடது கையால் நீட்டி, "இடது கைக்கு மன்னிச்சுக்கோ தம்பி" என்றான். எங்கள் ஊரில் ஒருவனுக்கு இடது கையை நீட்டுவது அவன் முகத்தில் துப்புகிற மாதிரி. வேறு வழியில்லாமல் நீட்டினால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நீட்டுவோம்.

பிறகு அவன் போனைக் கவிழ்த்துக் காட்டினான். "இங்க பாரு. முதுகுல ஒரு நம்பர் அடிச்சிருக்கா? இது பழைய போர்டோட நம்பர். இப்ப உள்ள இருக்கிறது புது போர்டு, அதோட நம்பர் வேற. ரெண்டும் ஒத்துப்போகாது. நாளைக்கு எவனாவது சந்தேகப்பட்டா இந்தச் சீட்டைக் காட்டு."

இரண்டு எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டைக் கொடுத்தான். தெருமுனை திரும்புவதற்குள் செனானு அதைக் கிழித்துச் சாக்கடையில் போட்டான். வாத்தியாரின் டெல்வாவே மண்டையைப் போட்டது என்பதற்குத் துண்டுக் காகிதம்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று நினைத்தான்.

சில மாதம் கழித்து ஈயக்காரனோடு சண்டை முற்றியது. கிம்பா கட்சிக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிவைத்துக் கும்மாளம் போட்டார்கள். செனானுவுக்கு வெறி ஏறியது. விறுவிறுவென்று எழுதினான்: "போர்டு மாற்றினேன் என்கிறவன் எல்லாம் திருட்டு போன் விற்கிறவன். சோதனை சுலபம். நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் அழுத்துங்கள். திரையில் வரும் எண்ணும் போனின் முதுகில் அச்சடித்த எண்ணும் வேறு வேறா? போன் திருட்டு. விற்றவன் திருடன். முடிந்தது."

பொய் என்று தெரிந்தேதான் எழுதினான். வாதத்தில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாயிரத்து முந்நூறு கட்டைவிரல் விழுந்தது. பச்சைக் கட்டம் ஏறியது. "அது தப்பு அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க" என்று ஈயக்காரன் ஆரம்பித்ததுமே அவனைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். அன்றைக்கு செனானு இரண்டு முட்டை கூடுதலாக வைக்கச் சொல்லி வாக்யே என்ற பயறுச் சோறு சாப்பிட்டான்.

அது நடந்து மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, காலை பதினோரு மணி. அச்சகத்தில் தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவர் ஒருவருக்கு வெள்ளைப் பின்னணி போட்டுக்கொண்டிருந்தான். போன் விடாமல் துடித்தது. 'அசைலம் டவுன் சிறுத்தை' என்ற பேரில் ஒருவன் எழுதியிருந்தான்: "வாத்தியார் சொன்ன சோதனையைச் செஞ்சேன். நம்பர் வேற வேற. போன மாசம் சர்க்கிள்ல வாங்கின போன். வித்தவன் யாருன்னு விசாரிச்சா, நம்ம ஈயக்காரனேதான்! இப்ப முப்பது பேர் அவன் மேசை முன்னாடி நிக்கிறோம். பக்கத்துல இருக்கிறவன் எல்லாம் ஓடி வாங்கடா."

கீழே ஒரு படம். நீலக் குடை. இடுக்கியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கும் அயிக்வே.

ஈயக்காரனும் அந்த நிதானமான மனிதனும் ஒரே ஆள் என்று செனானு கனவிலும் நினைத்ததில்லை. அவசர அவசரமாக எழுதினான்: "நிறுத்துங்கள். போர்டு மாற்றினால் எண் மாறும். அந்த ஆள் திருடன் இல்லை. நான் எழுதியது தவறு."

பதில் மளமளவென்று வந்து விழுந்தது.

"வாத்தியாரோட அக்கவுண்டை எவனோ ஆட்டையப் போட்டுட்டான்."

"எவ்வளவு வாங்குனீங்க வாத்தியாரே?"

"கிம்பாக்காரன் வேலைடா இது. நம்பாதீங்க."

"பச்சைக் கட்டத்தைக் கேள்வி கேட்டா யாரா இருந்தாலும் வெளியதான்."

கடைசியாகச் சொன்னவன் தளத்தைக் காவல் காக்கிறவர்களில் ஒருவன். சொன்னபடியே செய்தான். திரை வெளுத்தது. வாத்தியார் எழுதியதைக் கேள்வி கேட்ட குற்றத்துக்காக வாத்தியாரை வெளியேற்றிவிட்டார்கள். வெளியே தள்ளும் முன்பு கடைசியாக அவன் கண்ணில் பட்டது இரண்டாவது படம். அதில் நீலக் குடை தலைகீழாகக் கிடந்தது.

அயிக்வேயின் முகம் சிவப்புப் பின்னணியில் எப்படி இருக்கும் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் தொழில் அப்படி. கிழவரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான்.

பத்து நிமிட ஓட்டம். அவன் போய்ச் சேர்ந்தபோது முப்பது பேர் முந்நூறு பேராகியிருந்தார்கள். தளத்தைப் பற்றிக் கேள்வியே படாத மூட்டைக்காரர்கள், ட்ரோட்ரோ வண்டியிலிருந்து குதித்து வந்த நடத்துநர்கள், தக்காளி வாங்க வந்தவர்கள். "என்ன விஷயம்?" என்று ஒருவன் கேட்டான். "போன் திருடன்" என்று இன்னொருவன் சொன்னான். அது போதும் அவர்களுக்கு. "ஜூலோ! ஜூலோ!" என்ற கூச்சல் எழுந்தது. எங்கள் ஊரில் திருடன் என்று அலறும் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டால் நல்ல மனிதன்கூடக் குனிந்து கல்லைத் தேடுவான். நானும் தேடியிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

அயிக்வே மண்டியிட்டுக் கிடந்தான். சட்டை கிழிந்து தொங்கியது. ஒரு காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை வழிந்திருந்தது. ஒருவன் அவன் மேசையின் காலை ஒடித்து அதைக் கொண்டே அவன் முதுகில் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வெளியே வரும் சத்தம் கேட்டது. இன்னொருவன் குனிந்து அவன் முகத்தைப் படம் எடுத்தான்; படம் சரியாக விழவில்லை என்று முடியைப் பிடித்து நிமிர்த்தி மறுபடி எடுத்தான்.

"சீட்டு குடுத்தேன்... போன் வித்தப்பவே சீட்டு குடுத்தேன் அண்ணே..." என்று அயிக்வே முனகினான்.

"சீட்டு யாருக்குடா வேணும்? எவன் வேணா எழுதுவான் சீட்டு!" என்று கத்தினான் முன்னால் நின்ற ஒரு தடியன். கழுத்தில் வங்கி ஊழியர் அடையாள அட்டை, இஸ்திரி போட்ட சட்டை. டொம்ப்ரே என்று கூட்டம் அவனைக் கூப்பிட்டது. இவன்தான் அசைலம் டவுன் சிறுத்தை. எழுத்தில் சிறுத்தை, நேரில் பார்த்தால் கடன் விண்ணப்பத்தில் முத்திரை குத்துகிற ஆள்.

செனானு கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். பக்கத்தில் இருந்தவன் இவன் கையில் ஒரு கட்டையைத் திணித்தான். "பிடிடா, உள்ள போய் நீயும் ஒண்ணு போடு."

அவன் அந்தக் கட்டையைக் கீழே போடவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றான். கீழே போட்டால் யாராவது பார்ப்பார்கள் என்ற பயம்.

அதற்குள் இரண்டு பேர் அயிக்வேயின் வலது கையை இழுத்து நடைபாதைக் கல்லின் மேல் விரித்துப் பிடித்தார்கள். "இந்தக் கைதானே போர்டு மாத்துச்சு? இந்தக் கைதானே?" என்று கேட்டபடி ஒருவன் சிமென்ட் கல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். அயிக்வே, "அது வேண்டாம், வேற எங்கயாவது அடிங்க, அது வேண்டாம்" என்று கெஞ்சினான். கல் இறங்கியது. மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினான். மூன்றாவது முறை அயிக்வே கத்தவே இல்லை. அதைக் கூட்டம் கைதட்டி வரவேற்றது.

அப்போது ஒரு டயர் உருண்டு வந்தது. யாரோ ஒருவன் தண்ணீர்ப் பொட்டலத்தில் பெட்ரோல் கொண்டுவந்தான். வாசனை பரவியதும் கூட்டம் கொஞ்சம் விலகி இடம் கொடுத்தது. அந்த வாசனைதான் செனானுவை உலுக்கியது. கட்டையை எறிந்தான். முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்து அயிக்வேக்கும் டயருக்கும் நடுவில் போய் நின்றான்.

"அவன் திருடன் இல்ல! அந்தச் சோதனையே பொய்! நான்தான் எழுதினேன், நான்தான் வோல்ட் வாத்தியார்!"

டொம்ப்ரே வாய்விட்டுச் சிரித்தான். "நீ வாத்தியாரா? அப்ப நான் ஜனாதிபதி!"

"டேய், வாத்தியாருக்கு நாப்பது வயசாவது இருக்கும்டா. இவன் மூஞ்சியப் பாரு."

"சத்தியமா நான்தான்! போர்டு மாத்தினா நம்பர் மாறும். எனக்கே மாறியிருக்கு. இந்தாங்க, பாருங்க!" என்று செனானு தன் டெல்வாவை எடுத்து நீட்டினான். இதைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று அந்தப் பைத்தியக்காரன் மனதார நம்பினான்.

டொம்ப்ரே போனைப் பிடுங்கி எண்களை அழுத்தினான். திரையைப் பார்த்தான். கவிழ்த்து முதுகைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். சட்டப்படி, ஒழுங்காக, அவசரமே இல்லாமல் பார்த்தான்.

"வேற வேற" என்றான். பிறகு போனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். "வேற வேறடா! கூட்டாளி! கூட்டாளி தானாவே வந்து மாட்டிக்கிட்டான்!"

முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. யார் அடித்தது என்று திரும்புவதற்குள் வாயில் ஒரு குத்து. பல் ஒன்று நாக்கில் உருண்டது. "சீட்டு எங்கடா? உன் ஆளு சீட்டு குடுத்தேன்னானே, எங்க உன் சீட்டு?" என்று டொம்ப்ரே அவன் விலாவில் மிதித்துக்கொண்டே கேட்டான். சாக்கடையில் இருக்கிறது என்று சொல்ல செனானுவுக்கு வாய் வரவில்லை. விலாவுக்குள் ஏதோ முறிந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. ரப்பர் டயர் ஒன்று அவன் தலை வழியாக இறங்கித் தோளில் சிக்கியது. கூடவே பெட்ரோல் அவன் முகத்தில் விழுந்து கண்ணைத் தீயாக எரித்தது. "எவன்கிட்டடா தீப்பெட்டி இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. கடையில் மாவு இருக்கிறதா என்று கேட்பது மாதிரி இருந்தது.

அவர்களைக் காப்பாற்றியது டெடெ. அயிக்வேயின் அக்கா, பத்து அடி தள்ளிச் சேனைக்கிழங்கு பொரித்து விற்கிறவள். அதுவரை நாலு பேர் அவளைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் பிடி தளர்ந்ததும் ஒருவன் கையைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு ஓடி, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். "வாங்கடா! வாங்கிக்கங்கடா!" என்று அலறி, தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தவர்களின் காலடியில் வீசினாள். முழங்காலுக்குக் கீழே வெந்து டொம்ப்ரே தரையில் புரண்டான். சிறுத்தை ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது. எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. அவள் இரும்புக் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு வந்த வேகத்தில் முந்நூறு பேரும் பின்வாங்கினார்கள். அதற்குள் போலீஸ் வண்டி வந்து வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டது. கூட்டம் கரைந்து, எல்லாரும் தக்காளி வாங்க வந்தவர்களாக மாறிவிட்டார்கள்.

போலீஸ்காரர்கள் அடிபட்ட இரண்டு பேரையும் திருடர்கள் என்றே எழுதிக்கொண்டார்கள். வண்டியின் திறந்த பின்பக்கத்தில் இருவரையும் தூக்கிப் போட்டார்கள். செனானுவின் போனையும் ஒரு காவலர் தேடி எடுத்து, சாட்சிப் பொருள் என்று பையில் போட்டுக்கொண்டார். டெடெ ஓடிவந்து தன் தலைத்துணியை அவிழ்த்துத் தம்பியின் வலது கையில் சுற்றினாள். சுற்றும்போதே அவள் வாய் கோணி அழுதாள். துணிக்குள் இருந்தது இனிமேல் இடுக்கி பிடிக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தண்ணீர்ப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தாள். வண்டி கிளம்பியது.

அயிக்வே பல்லால் பொட்டலத்தின் முனையைக் கடித்துக் கிழித்தான். இரண்டு மடக்கு குடித்தான். மீதியை இடது கையால் செனானு பக்கம் நீட்டினான்.

"இடது கைக்கு மன்னிச்சுக்கோ தம்பி."

செனானு வாங்கிக்கொண்டான். தொண்டை எரிந்தாலும் அவனால் அதைக் குடிக்க முடியவில்லை.

"உன்னை எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான் அயிக்வே. அவன் ஒரு கண் முழுக்க மூடிக்கொண்டிருந்தது. காதில் அடி விழுந்ததால் சத்தமாகப் பேசினான். "என்கிட்ட போர்டு மாத்தின ஆளுதானே? நீ என்னமோ கத்தினே, எனக்கு ஒண்ணும் காதுல விழல. ஆனா அத்தனை பேருல நீ ஒருத்தன்தான் எனக்காக வந்தே. இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாத்தியாரின் முகம் யாருக்கும் தெரியாது. தளத்திலும் அவன் இப்போது இல்லை. அந்த மனிதன் கடைசிவரை நன்றியோடு இருந்திருப்பான். ஆனால் அந்த நன்றி செனானுவுக்கு விலாவில் வாங்கிய மிதியைவிட வலித்தது.

அவன் நகர்ந்து, அயிக்வேயின் நல்ல காதுக்குப் பக்கத்தில் குனிந்தான். "நான்தான் வோல்ட் வாத்தியார்" என்றான். "அந்தச் சோதனையை எழுதினது நான்தான் அண்ணே."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அயிக்வே துணி சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"நம்பர் மாறும்னு நான் உன்கிட்ட சொன்னேனே."

"சொன்னீங்க."

"அப்ப தெரிஞ்சுதான் எழுதினியா?"

"ஜெயிக்கணும்னு எழுதினேன்."

"சீட்டு?" என்று கேட்டான் அயிக்வே. "நான் குடுத்த சீட்டு? அதைக் காட்டியிருந்தா விட்டிருப்பாங்களோ என்னமோ. அது எங்க?"

"அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்."

அயிக்வே அவனையே பார்த்தான். பிறகு செனானுவின் கையிலிருந்த தண்ணீர்ப் பொட்டலத்தைப் பிடுங்கிக் கீழே போட்டான். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி, உடைந்த வாயின் மேலேயே ஓங்கி ஓர் அறை விட்டான். காவலர் திரும்பிப் பார்த்துவிட்டு, திருடர்களுக்குள் பங்குச் சண்டை என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அறைந்தது இடது கை. அதற்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை.